கம்யூனிட்டி காலேஜில் மகனுக்கு மூன்று வருட எட் பிளான் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், இது சரிதானா?

ஈஸ்ட்பே_அம்மா

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மகன் இந்த ஜூனில் ஹைஸ்கூல் முடித்தான். கம்ப்யூட்டர் சயன்ஸ்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றான், ஆசைப்பட்ட யூ.சி. (கலிஃபோர்னியா பல்கலைக்கழக) வளாகம் எதிலும் இடம் கிடைக்கவில்லை. கிடைத்த ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் ஃபீஸைப் பார்த்ததும் அவனே, "இரண்டு வருடம் கம்யூனிட்டி காலேஜ் போய்விட்டு டிரான்ஸ்ஃபர் ஆகிறேன்மா" என்றான், அதாவது முதல் இரண்டு வருடத்தைக் குறைந்த ஃபீஸில் அங்கே படித்துவிட்டு மீதியைப் பல்கலைக்கழகத்தில் முடிப்பது. எங்களுக்கும் சரியென்று பட்டது. கலிஃபோர்னியாக்காரர்களுக்கு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர்தான், அறுபது யூனிட் எடுத்தாலும் மொத்தம் 2,760 டாலர். யூ.சி.யில் ஒரு குவார்ட்டருக்கே அதைவிட அதிகம் ஆகும்.

சிக்கல் இனிமேல்தான். போன வாரம் காலேஜ் கவுன்சிலரைப் பார்த்து எட் பிளான், அதாவது எந்த செமஸ்டரில் எந்தப் பாடம் என்ற திட்டம், வாங்கி வந்தான். அதில் மூன்று வருடம் போட்டிருக்கிறது! முதல் செமஸ்டரில் ப்ரீகால்குலஸ், இங்கிலீஷ், ஆர்ட் ஹிஸ்டரி, அப்புறம் ஹெல்த் என்று ஏதோ ஒன்று. கம்ப்யூட்டர் பாடம் இரண்டாவது செமஸ்டரில்தான் தலைகாட்டுகிறது. பிசிக்ஸ் இரண்டாவது வருடக் கடைசியில். ஹைஸ்கூலில் ப்ரீகால்குலஸ் எடுத்து 'சி' வாங்கியவன் அதையே ஏன் திரும்பப் படிக்க வேண்டும்? காலேஜுக்கு போன் செய்து கேட்டேன், "உங்களிடம் பேச எங்களுக்கு அனுமதியில்லை" என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டார்கள். பணம் கட்டுவது நாங்கள், பேச மட்டும் கூடாதாம்.

இந்த வழியில் போனவர்கள், பிள்ளைகளை அனுப்பியவர்கள் சொல்லுங்கள். இந்த பிளானை அப்படியே பின்பற்றலாமா, மாற்றலாமா?

கடைசிபெஞ்ச்

அக்கா, நான் இதே வழியில் போய் ஒரு யூ.சி.யில் முடித்தவன். நேராகச் சொல்கிறேன். அந்தத் தாளைத் தூக்கி ஓரமாக வையுங்கள். கவுன்சிலரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாள் உங்கள் பையன் போக நினைக்கும் இடத்தைப் பார்த்துப் போட்டதே இல்லை. எல்லோருக்கும் பொதுவாகப் போட்டது.

இன்றைக்கே பையனை 'அசிஸ்ட்' தளத்துக்குப் போகச் சொல்லுங்கள். கலிஃபோர்னியாவின் அரசு காலேஜ்களுக்கும் யூ.சி., சி.எஸ்.யூ. (கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக) வளாகங்களுக்கும் இடையே எந்தப் பாடம் எதற்கு ஈடு என்ற ஒப்பந்தம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது, இலவசம், லாகின்கூட வேண்டாம். அவன் காலேஜ், போக வேண்டிய பல்கலைக்கழகம், மேஜர் (முதன்மைப் பாடம்) இந்த மூன்றையும் கொடுத்தால் ஒரு பக்கம் வரும். இடது பக்கம் பல்கலைக்கழகம் கேட்கும் பாடம், வலது பக்கம் அவன் காலேஜில் அதற்கு ஈடான பாடம். சில இடத்தில் வலது பக்கம் 'ஈடான பாடம் இல்லை' என்று வரும், அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஆசைப்படும் நான்கைந்து இடங்களுக்கு இப்படி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொதுவாக வரும் பாடங்கள் தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு அநேகமாகக் கால்குலஸ் வரிசை முழுவதும், லீனியர் ஆல்ஜீப்ரா, டிஸ்க்ரீட் மேத், புரோகிராமிங்கும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸும், சில இடங்களில் கால்குலஸோடு சேர்ந்த பிசிக்ஸ்.

இப்போது முக்கியமான விஷயம். இரண்டு வருடமா மூன்று வருடமா என்பதைத் தீர்மானிப்பது ஆர்ட் ஹிஸ்டரியோ ஹெல்த்தோ இல்லை. ஒன்றை முடித்தால்தான் அடுத்தது என்று வரிசையில் நிற்கும் பாடங்கள்தான் தீர்மானிக்கும். கால்குலஸ் ஒன்று முடித்தால் இரண்டு, இரண்டு முடித்தால் மூன்று. கால்குலஸ் ஒன்று இல்லாமல் பிசிக்ஸ் மெக்கானிக்ஸில் சேர்க்க மாட்டார்கள், மெக்கானிக்ஸ் இல்லாமல் எலக்ட்ரிசிட்டி-மேக்னடிசத்தில் சேர்க்க மாட்டார்கள். ஒரு வண்டியை விட்டால் அடுத்தது ஆறு மாதம் கழித்துத்தான். ஜி.இ. எனப்படும் பொதுக்கல்விப் பாடங்கள் அப்படியில்லை, எந்த செமஸ்டரில் இடம் இருக்கிறதோ அங்கே சொருகிக்கொள்ளலாம். உங்கள் பையனுக்குத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

டப்ளின்வாசி

கடைசிபெஞ்ச் சொன்னதை வழிமொழிகிறேன். கவுன்சிலர்களால் பைசா பிரயோஜனமில்லை. என் மகள் படித்த காலேஜில் ஒவ்வொரு முறை போனாலும் வேறு வேறு ஆள், ஒருவர் சொன்னதை அடுத்தவர் மறுப்பார். கடைசியில் நாங்களே எக்செல்லில் போட்டுக்கொண்டோம். செமஸ்டருக்குப் பதினெட்டு, பத்தொன்பது யூனிட் எடுக்கச் சொல்லுங்கள், கோடையிலும் விடாதீர்கள், ஒன்றரை வருடத்தில்கூட முடிக்கலாம்.

கவுன்சிலர்_அக்கா

இந்த இழையைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. பே ஏரியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் கவுன்சிலராக இருக்கிறேன், எந்தக் காலேஜ் என்று சொல்ல மாட்டேன். டப்ளின்வாசி சார், உங்கள் கோபம் புரிகிறது. அதில் பாதி நியாயம்கூட. மீதிப் பாதிக்குப் பதில் சொல்கிறேன்.

முதலில் ஈஸ்ட்பே அம்மாவுக்கு. உங்களிடம் பேசாதது திமிரினால் இல்லை. ஃபெர்பா என்று 1974-இல் வந்த ஒரு மத்தியச் சட்டம் இருக்கிறது. பிள்ளை பதினெட்டைத் தொட்டாலோ காலேஜில் சேர்ந்தாலோ படிப்புப் பதிவுகள் மேலுள்ள உரிமை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போய்விடும். ஹைஸ்கூலில் இருந்துகொண்டே காலேஜ் பாடம் எடுக்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கும் காலேஜ் பதிவுகளைப் பொறுத்தவரை இதே கதைதான். அவன் எழுத்தில் சம்மதம் கொடுத்தால் பேசுவோம். ஆனால் உண்மையைச் சொன்னால், நீங்கள் பேசுவதைவிட அவன் பேசுவது நல்லது. என் அறைக்குள் அம்மா, அப்பா, பையன் என்று மூவரும் வந்து உட்கார்ந்து, நான் கேட்கும் எல்லாக் கேள்விக்கும் அப்பாவே பதில் சொல்லி, பையன் போனைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாயின்ட்மென்ட்கள் எத்தனையோ. அரை மணி நேரம் போய்விடும், அந்தப் பையனுக்கு என்ன பிடிக்கும் என்றே எனக்குத் தெரியாது.

அடுத்தது, அந்தத் தாள். இதில் இரண்டு வகை உண்டு. ரிஜிஸ்ட்ரேஷனில் முன்னுரிமை கிடைக்க ஓரியன்டேஷனும் ஒரு எட் பிளானும் வேண்டும் என்பதால் ஜூன், ஜூலையில் புதுப் பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு செமஸ்டருக்கு மட்டும் அவசரமாகப் போடும் சுருக்கத் திட்டம் ஒன்று. படிப்பு முடியும்வரை எல்லாவற்றையும் போடும் முழுத் திட்டம் இன்னொன்று. கோடையில் கூட்டம் அலைமோதும், பையன் "கம்ப்யூட்டர் சயன்ஸ், எந்த யூ.சி.யானாலும் சரி" என்று சொல்லியிருப்பான், கவுன்சிலர் கையிலிருந்த மாதிரித் திட்டத்தைப் போட்டிருப்பார். அக்டோபரிலோ மார்ச்சிலோ வந்தால் நிதானமாக உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும். அப்போது அசிஸ்ட் பக்கங்களை எடுத்துக்கொண்டு, தானே போட்ட ஒரு வரைவையும் கொண்டுவரச் சொல்லுங்கள். வெறுங்கையோடு வரும் பிள்ளைக்கும் வரைவோடு வரும் பிள்ளைக்கும் நான் கொடுக்கும் அரை மணி ஒன்றேதான், ஆனால் வரைவோடு வந்தவனுக்கு அதில் பிழை பார்த்துக் கொடுப்பேன். மற்றவனுக்கு அசிஸ்ட் என்றால் என்ன என்பதிலேயே நேரம் தீர்ந்துவிடும்.

டப்ளின்வாசி சார் சொன்ன பதினெட்டு யூனிட் யோசனையை மட்டும் தயவுசெய்து முதல் செமஸ்டரில் செய்யாதீர்கள். காரணம் தனியாக எழுதுகிறேன், வீட்டில் இட்லி மாவு பொங்கிக்கொண்டிருக்கிறது.

கவுன்சிலர்_அக்கா

வந்துவிட்டேன். கம்யூனிட்டி காலேஜிலேயே 'சி' வாங்கிய பாடத்தை மதிப்பெண் உயர்த்துவதற்காகத் திரும்ப எடுக்க முடியாது. இது பலருக்குத் தெரிவதில்லை. 'டி', 'எஃப்' வாங்கினால் திரும்ப எடுக்கலாம், ஆனால் 'சி' வந்தால் அது நிரந்தரம். அளவுக்கு மீறி யூனிட் எடுத்து கால்குலஸில் 'சி', பிசிக்ஸில் 'சி' என்று வாங்கிக்கொண்டு வரும் பிள்ளைகளுக்கு நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் சயன்ஸ் போன்ற போட்டி அதிகமான மேஜருக்கு அது பெரிய அடி. ஒரு பாடத்தில் மொத்தம் எத்தனை முறை சேரலாம் என்பதற்கும் வரம்பு உண்டு.

தேதிகள்: பாடம் தொடங்கி சுமார் இருபது சதவீதம் ஓடும்போது 'சென்சஸ்' தேதி வரும், அதற்குள் விட்டால் டிரான்ஸ்கிரிப்டில் தடமே இருக்காது. அதற்குப் பின் எழுபத்தைந்து சதவீதம் வரை 'டபிள்யூ' (பாதியில் விலகியதற்கான குறி) வாங்கி விலகலாம். அதையும் தாண்டினால் வருவது வரட்டும் என்று உட்கார வேண்டியதுதான். ஃபீஸ் திரும்பக் கிடைக்கும் கடைசி நாள் இவற்றுக்கெல்லாம் முன்னால் வந்துவிடும். ஃபைனான்ஷியல் எய்ட் வாங்குகிறவர்களானால் எடுத்த யூனிட்களில் மூன்றில் இரண்டு பங்காவது முடிக்க வேண்டும், ஜி.பி.ஏ. (சராசரி மதிப்பெண்) 2.0 இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உதவி நிற்கும். ஆகவே டிராப் செய்வதற்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை.

பன்னிரண்டு யூனிட் என்றால் முழுநேரம். முதல் செமஸ்டருக்குப் பதின்மூன்று, பதினான்கு போதும். பிராமிஸ் என்ற ஃபீஸ் தள்ளுபடியும் பல காலேஜ்களில் முதன்முறை சேர்ந்து முழுநேரம் படிப்பவர்களுக்குத்தான், பன்னிரண்டுக்குக் கீழே இறங்கினால் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஈஸ்ட்பே_அம்மா

ரொம்ப நன்றி. பையனை உட்கார வைத்து அசிஸ்ட் பார்க்கச் சொன்னேன், முகத்தைத் தூக்கிக்கொண்டே பார்த்தான், ஆனால் பார்த்தான். இரண்டு கேள்வி. ஒன்று, ப்ரீகால்குலஸா, நேராகக் கால்குலஸா? இரண்டு, இந்த ஜி.இ. எதற்கு? ஆர்ட் ஹிஸ்டரி இவனுக்கு எதற்கு?

கடைசிபெஞ்ச்

கால்குலஸ் விஷயத்தில் நேராக எடுக்கலாம் என்பதுதான் என் கட்சி. முன்பெல்லாம் பிளேஸ்மென்ட் டெஸ்ட் வைத்து, ஹைஸ்கூலில் படித்ததையே இரண்டு மூன்று செமஸ்டர் திரும்பப் படிக்க வைப்பார்கள். அந்தப் பாடங்களுக்கு டிரான்ஸ்ஃபர் மதிப்பும் கிடையாது. அங்கேயே நொந்துபோய் நின்றவர்கள் ஏராளம். 2017-இல் ஏ.பி. 705 என்ற மாநிலச் சட்டம் வந்த பிறகு ஹைஸ்கூல் மதிப்பெண்ணைப் பார்த்து இங்கிலீஷிலும் கணக்கிலும் டிரான்ஸ்ஃபர் நிலைப் பாடத்தில் நேராகச் சேர்க்க வேண்டும் என்றானது. 2022-இல் வந்த ஏ.பி. 1705 அதை இன்னும் இறுக்கி, அறிவியல், இன்ஜினியரிங் பிள்ளைகளைக் கால்குலஸை நோக்கித் தள்ளுகிறது. காலேஜ்கள் கால்குலஸோடு சேர்த்து ஒரு சப்போர்ட் வகுப்பும் வைக்கின்றன, அதையும் சேர்த்து எடுக்கட்டும்.

கவுன்சிலர்_அக்கா

இதில் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். அந்தச் சட்டங்களால் நன்மை அதிகம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ப்ரீகால்குலஸில் 'சி' வாங்கிய பையன், அதுவும் டிரிகோனமெட்ரியில் தடுமாறியவன் என்றால், பதில் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க முடியாது. ஹைஸ்கூலில் அந்த 'சி' எப்படி வந்தது என்று அவனையே கேளுங்கள். ஹோம்வொர்க் கொடுக்காமல் வந்த 'சி'யா, புரியாமல் வந்த 'சி'யா? முதல் வகை என்றால் கால்குலஸும் சப்போர்ட் வகுப்பும். இரண்டாவது வகை என்றால் ஆகஸ்ட் கடைசியில் வகுப்பு தொடங்கும் வரை இருக்கும் வாரங்களில் டிரிக் ஐடென்டிட்டி, லாகரிதம், ஃபங்ஷன் இவற்றைத் தேய்த்துவிட்டு, அப்புறமும் நம்பிக்கையில்லை என்றால் ப்ரீகால்குலஸ் எடுப்பதில் ஒரு கேவலமும் இல்லை.

ப்ரீகால்குலஸில் ஆரம்பித்தாலும் இரண்டு வருடத்தில் முடிக்க முடியும், கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் ஃபாலில் (இலையுதிர்கால செமஸ்டர்) ப்ரீகால்குலஸ், ஸ்பிரிங்கில் (வசந்தகால செமஸ்டர்) கால்குலஸ் ஒன்று, கோடையில் இரண்டு, இரண்டாவது ஃபாலில் மூன்றும் பிசிக்ஸ் மெக்கானிக்ஸும், ஸ்பிரிங்கில் லீனியர் ஆல்ஜீப்ராவும் அடுத்த பிசிக்ஸும். முதல் ஃபாலிலிருந்தே புரோகிராமிங் ஒரு பக்கம் ஓட வேண்டும், அதற்குக் கால்குலஸ் தேவையில்லை. இதில் கோடைதான் கத்தி முனை. ஆறு வாரத்தில் ஒரு செமஸ்டர் கால்குலஸ் என்றால் தினமும் வகுப்பு, தினமும் ஹோம்வொர்க், அந்த நேரத்தில் ஊருக்கு டிக்கெட் போடக் கூடாது. சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள், நம் குடும்பங்களில் ஜூன் மாதத்தில் கல்யாணம் ஒன்று எப்படியும் வந்துவிடும்.

ஆர்ட் ஹிஸ்டரிக்கு வருகிறேன். 2025 ஃபாலில் இருந்து யூ.சி.க்கும் சி.எஸ்.யூ.க்கும் ஒரே ஜி.இ. வரிசைதான், கால்-கெட்சி என்று பெயர். பதினோரு பாடம், 34 செமஸ்டர் யூனிட். முன்பு ஐகெட்சி என்று இருந்ததன் இடத்தில் இது வந்திருக்கிறது. அதற்கு முன்பே சேர்ந்து விடாமல் படிப்பவர்கள் பழையதிலேயே தொடரலாம். ஒவ்வொரு பாடத்திலும் முழு 'சி' வேண்டும், 'சி மைனஸ்' செல்லாது. இதில் கலை ஒன்று, இலக்கியம், தத்துவம் போன்ற ஹியூமானிட்டீஸ் ஒன்று, சமூக அறிவியல் இரண்டு, எத்னிக் ஸ்டடீஸ் ஒன்று, பேச்சுக்கலை ஒன்று என்று வரும். ஆர்ட் ஹிஸ்டரி அந்தக் கலைக் கட்டத்தில் உட்காரும். வீணில்லை, ஆனால் முதல் செமஸ்டரில் கட்டாயமும் இல்லை.

ஒன்று கவனியுங்கள். யூ.சி.யில் சேர கால்-கெட்சி முழுவதையும் முடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. இன்ஜினியரிங், கம்ப்யூட்டர் சயன்ஸ் போன்ற யூனிட் அதிகமான மேஜர்களுக்கு மேஜர் தயாரிப்புப் பாடங்களே முதலில், மிச்ச ஜி.இ.யை அங்கே போய்க்கூட முடிக்கலாம். குறைந்தபட்சம் இரண்டு இங்கிலீஷ், ஒரு கணக்கு, மேலும் நான்கு பாடம் என்ற ஏழு பாட விதியை மட்டும் விட முடியாது. அந்த இரண்டு இங்கிலீஷும் ஒன்றன்பின் ஒன்றுதான். முதல் காம்போசிஷன் முடித்தால்தான் கிரிட்டிகல் திங்கிங் எடுக்க முடியும். முதலாவதை ஹைஸ்கூலில் எழுதும் ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) தேர்வு மதிப்பெண்ணால் தாண்டலாம், இரண்டாவதை முடியாது. அதனால் இங்கிலீஷை மட்டும் முதல் வருடமே முடித்துவிடச் சொல்லுங்கள். சி.எஸ்.யூ.வுக்கு ஏ.டி.டி. எனப்படும் டிரான்ஸ்ஃபர் அசோசியேட் டிகிரி வழியில் போவதென்றால் கதை வேறு, அங்கே ஜி.இ. வரிசையை முழுதாக முடித்தாக வேண்டும்.

டப்ளின்வாசி

சரி அக்கா, பதினெட்டு யூனிட்டை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கவுன்சிலருக்குக் கவுன்சிலர் பதில் மாறுவது பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே?

கவுன்சிலர்_அக்கா

சொல்கிறேன். மாறும். எங்களில் சிலர் நர்சிங் பிள்ளைகளையே பார்த்துப் பழகியவர்கள், சிலர் உளவியல் துறையிலிருந்து வந்தவர்கள். அதோடு விதிகளும் வருடாவருடம் மாறுகின்றன. 2025 ஃபாலில் பாட எண்களே மாறத் தொடங்கிவிட்டன: மாநிலம் முழுக்க ஒரே எண் வேண்டும் என்ற சட்டத்தால் முதல் இங்கிலீஷ் பாடம் எல்லாக் காலேஜிலும் இங்கிலீஷ் சி1000, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்றால் ஸ்டாட் சி1000. பிள்ளைகளுக்கு நல்லது, ஆனால் பழைய எண்ணை மனப்பாடம் வைத்திருந்த எங்களுக்குத் தலைவலி. டிரான்ஸ்ஃபர் சென்டர் என்று தனியாக ஒன்று இருக்கும், அங்கே போகட்டும். அறிவியல், இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு 'மெசா' திட்டம் இருக்கும் காலேஜ்களில் அதற்கென்றே ஒரு கவுன்சிலர் இருப்பார், தகுதி இருந்தால் சேரலாம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ஈ.ஓ.பி.எஸ். என்ற உதவித் திட்டம்; அதில் சேர்ந்தவர்கள் செமஸ்டரில் சில முறை கவுன்சிலரைப் பார்த்தே ஆக வேண்டும், அதுவே பாதி வெற்றி. ஒருவரைப் பிடித்துவிட்டால் அடுத்த முறையும் அவரிடமே அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். அவர் சொன்னதை அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி "இப்படித்தானே சொன்னீர்கள்?" என்று அனுப்பி வைத்தால் பின்னால் பேச்சு மாறாது.

மதுரைமாமா

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மதுரையிலிருந்து எழுதுகிறேன். தங்கை மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். ஒரு ஏஜென்ட், "கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் போட்டுவிடலாம், யூனிட் 46 டாலர்தான், இரண்டு வருடத்தில் பெர்க்லி உறுதி" என்று சொல்லிக்கொண்டு அலைகிறார். நம்பலாமா?

கடைசிபெஞ்ச்

மாமா, இரண்டுமே தப்பு. 46 டாலர் கலிஃபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு. எஃப்-1 (மாணவர்) விசாவில் வருகிறவர்கள் அதன் மேல் வெளிநாட்டவர் கட்டணமும் சேர்த்துக் கட்ட வேண்டும், அது பல மடங்கு. காலேஜுக்குக் காலேஜ் வேறுபடும், அந்தந்தத் தளத்திலேயே போட்டிருப்பார்கள். பெரும்பாலான கம்யூனிட்டி காலேஜ்களில் ஹாஸ்டல் கிடையாது, வாடகை உங்களைச் சாப்பிட்டுவிடும்.

பெர்க்லி உறுதி என்பது சுத்தப் பொய். 'டேக்' என்று ஒரு உத்தரவாதம் இருப்பது உண்மை, ஆனால் அது டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு யூ.சி. வளாகங்களுக்கு மட்டும். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ மூன்றிலும் டேக் கிடையாது. அந்த ஆறிலும் ஒன்றுக்குத்தான் போடலாம், செப்டம்பர் மாதம் மட்டும். வளாகத்துக்கு வளாகம் ஜி.பி.ஏ., முடித்திருக்க வேண்டிய பாடங்கள் வேறு, சில மேஜர்களுக்கு அந்த வளாகத்திலேயே டேக் இருக்காது. டேக் போட்டாலும் அக்டோபர், நவம்பரில் யூ.சி. விண்ணப்பத்தைத் தனியாகப் போட வேண்டும், மறந்தால் உத்தரவாதமும் போச்சு. எஃப்-1 பிள்ளைகளும் டேக் போடலாம், அதில் தடையில்லை.

எஃப்-1 என்றால் செமஸ்டருக்குப் பன்னிரண்டு யூனிட் கட்டாயம், அதில் ஆன்லைன் பாடம் ஒன்றைத்தான் கணக்கில் எடுப்பார்கள். இங்கிருக்கும் பிள்ளைகள் போல நினைத்தபோது டிராப் செய்ய முடியாது, இன்டர்நேஷனல் ஆபீஸில் முன்கூட்டி அனுமதி வாங்காமல் பன்னிரண்டுக்குக் கீழே போனால் விசாவுக்கே ஆபத்து.

ஹெச்4_அப்பா

விசா பேச்சு வந்ததால் கேட்கிறேன். நாங்கள் ஹெச்-1பி (வேலை விசா), மகள் ஹெச்-4 (அந்த வேலை விசாக்காரர் குடும்பத்துக்கானது), கிரீன் கார்டு வரிசை நகர்வதாக இல்லை. அவள் காலேஜ் போனால் எந்தக் கட்டணம்?

கவுன்சிலர்_அக்கா

ஹெச்-4 பிள்ளைகள் கலிஃபோர்னியா வாசிகளாகத் தகுதி பெற முடியும். ஒரு வருடத்துக்கு மேல் இங்கே வசித்ததற்கும் இங்கேயே இருக்கும் எண்ணத்துக்கும் சான்று கேட்பார்கள், கொடுத்தால் 46 டாலர்தான். ஆனால் இருபத்தொரு வயதானதும் ஹெச்-4 போய்விடும். எஃப்-1க்கு மாறினால் வெளிநாட்டவர் கட்டணம் வரும். அதனால் ஹெச்-4 பிள்ளைகளின் எட் பிளானில் நான் முதலில் கேட்பது மேஜரை அல்ல, பிறந்த தேதியை. பத்தொன்பது வயதில் சேரும் பிள்ளைக்கு மூன்று வருடத் திட்டம் போட்டால் மூன்றாவது வருடம் முழுவதும் வேறு கட்டணத்தில் ஓடும் நிலை வரலாம். விசா மாற்றத்தை வக்கீலிடம் கேளுங்கள், கட்டணத்தை அட்மிஷன்ஸ் அண்ட் ரெக்கார்ட்ஸில் இருக்கும் ரெசிடென்சி அலுவலரிடம் கேளுங்கள். கவுன்சிலர் சொன்னார் என்று இந்த இரண்டிலும் முடிவெடுக்காதீர்கள், நான் சொன்னாலும்.

நர்ஸ்_ஆகணும்

நானும் ஹெச்-4தான், இ.ஏ.டி. (வேலை செய்யும் அனுமதி) இருக்கிறது. ஊரில் பி.இ. முடித்தவள், ஐ.டி.யில் எனக்கு விருப்பமே இல்லை. கம்யூனிட்டி காலேஜில் ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) படிக்க ஆசை. முப்பத்து மூன்று வயதில் சிரிப்பார்களா?

கவுன்சிலர்_அக்கா

சிரிக்க மாட்டார்கள், உங்கள் வகுப்பில் ஐம்பது வயதுக்காரர்களும் இருப்பார்கள். ஆனால் நர்சிங்கில் சேர்வதுதான் மலை. அனாட்டமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி மூன்றையும் லேபோடு முன்கூட்டியே முடிக்க வேண்டும். அவற்றுக்கே இடம் கிடைப்பது கஷ்டம், அனாட்டமி லேப் ரிஜிஸ்ட்ரேஷன் திறந்த சில மணியிலேயே நிரம்பிவிடும். அதற்கப்புறம் நர்சிங் புரோகிராமுக்குத் தனி விண்ணப்பம், சில காலேஜில் குலுக்கல், சில காலேஜில் புள்ளிக் கணக்கு, சில இடத்தில் காத்திருப்புப் பட்டியல். புள்ளிக் கணக்கு வைக்கும் இடத்தில் ஏற்கெனவே இருக்கும் பட்டம், வேறு மொழி தெரிவது, வேலை அனுபவம் இவற்றுக்கும் புள்ளி கிடைக்கலாம், தமிழ் உங்களுக்கு உதவுமா என்று அந்தப் பட்டியலில் பாருங்கள்.

பி.இ. டிரான்ஸ்கிரிப்டை காலேஜ் ஏற்கும் ஒரு எவல்யுவேஷன் நிறுவனத்திடம் பாடவாரியாக மதிப்பிட வாங்கிவிடுங்கள். இங்கே இருந்துகொண்டு ஊர் பல்கலைக்கழகத்திலிருந்து சீல் வைத்த கவரில் டிரான்ஸ்கிரிப்ட் வரவழைப்பது என்ன பாடு என்று உங்களுக்கே தெரியும், இன்றைக்கே ஆரம்பியுங்கள். எந்த ஜி.இ.க்கு விலக்கு கொடுப்பது என்பது அந்தக் காலேஜின் முடிவு, நேரில் காட்டாமல் யாரும் உறுதி சொல்ல முடியாது.

சும்மா_படிக்கிறேன்

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு சந்தேகம். ஒரே நேரத்தில் இரண்டு காலேஜில் பாடம் எடுக்கலாமா? டி ஆன்சா காலேஜில் கிடைக்காததை வேறு எங்காவது?

கடைசிபெஞ்ச்

எடுக்கலாம், நிறையப் பேர் எடுக்கிறோம். ஆனால் டி ஆன்சா, ஃபுட்ஹில் இரண்டும் குவார்ட்டர் முறை (செமஸ்டரைவிடச் சின்னத் தவணை), சுற்றியிருக்கும் மற்றவை அநேகமாக செமஸ்டர். குவார்ட்டரில் கால்குலஸ் மேத் 1ஏ-யிலிருந்து 1டி வரை நான்கு துண்டு, செமஸ்டரில் மூன்று துண்டு. பாதியில் காலேஜ் மாறினால் நடுவில் ஏதாவது விட்டுப்போகும், அல்லது படித்ததையே படிக்க வேண்டி வரும், ஈடு ஒப்பந்தத்திலும் இழுபறி. ஆகவே வரிசைப் பாடம் எதையும் ஆரம்பித்த காலேஜிலேயே முடிக்க வேண்டும். ஜி.இ.யை எங்கே வேண்டுமானாலும் எடுங்கள். குவார்ட்டர் யூனிட் மூன்று என்றால் செமஸ்டர் யூனிட் இரண்டு, அதையும் மறக்காதீர்கள், யூ.சி. கேட்கும் 60 செமஸ்டர் யூனிட் குவார்ட்டர் கணக்கில் 90. விண்ணப்பத்தில் படித்த எல்லாக் காலேஜையும் காட்ட வேண்டும், ஒரு பாடம் எடுத்து 'டபிள்யூ' வாங்கிய இடம் உட்பட.

ஈஸ்ட்பே_அம்மா

எல்லோருக்கும் மிக்க நன்றி. பையன் வரைவு போட்டுவிட்டான்: கால்குலஸ் ஒன்று, சப்போர்ட் வகுப்பு, இங்கிலீஷ், புரோகிராமிங். ஆர்ட் ஹிஸ்டரியை அடுத்த கோடைக்குத் தள்ளிவிட்டான். அவன் அப்பாவுக்கு இன்னும் மனசு ஆறவில்லை, சொந்தக்காரர்கள் கேட்டால் எந்தக் காலேஜ் என்று சொல்லாமல் "இங்கே பக்கத்தில்தான்" என்று மழுப்புகிறார், அது தனிக் கதை. இப்போது பிரச்சினை, கால்குலஸ் எல்லா செக்‌ஷனும் நிரம்பிவிட்டது, வெயிட்லிஸ்டில் ஏழாவது இடம். வேறு பாடத்துக்கு மாற்றிவிடலாமா?

கடைசிபெஞ்ச்

மாற்றாதீர்கள் அக்கா. வெயிட்லிஸ்டிலேயே இருக்கட்டும். ஃபீஸ் கட்டாதவர்களை வகுப்பு தொடங்குமுன் காலேஜே நீக்கும், அப்போது பட்டியல் நகரும். மின்னஞ்சலை தினமும் பார்க்க வேண்டும், இடம் வந்தால் சேர்வதற்குக் குறைந்த நேரம்தான் கொடுப்பார்கள். முதல் நாள் வகுப்புக்குக் கண்டிப்பாக நேரில் போகச் சொல்லுங்கள், பட்டியலில் இருப்பவர்கள் வரவில்லை என்றால் பேராசிரியர் அங்கேயே பெயரை எடுத்துவிட்டு நிற்பவர்களுக்கு ஆட் கோடு, அதாவது வகுப்பில் சேர்வதற்கான குறியீடு, கொடுப்பார். கோடு கிடைத்தால் அன்றைக்கே போர்ட்டலில் போட்டுச் சேர வேண்டும், கடைசித் தேதி தாண்டினால் அந்தக் கோடு வேலை செய்யாது. காலை ஏழரை மணி செக்‌ஷன் ஒன்று இருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள், அதில் எப்போதும் முதல் வாரத்தில் கூட்டம் கலையும்.